பூட்டு வைத்த மூடி

அன்றைக்குச் சார் வழக்கம்போல் பின்சீட்டில் ஏறாமல் முன்னால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ரோட்டை வேடிக்கை பார்க்க அல்ல, என் கால்களைப் பார்க்க. ஒரு மணி நேரப் பயணத்தில் என் கை சாவிப் பக்கம் போகிறதா, கால் எதை மிதிக்கிறது என்று கண் கொட்டாமல் கவனிப்பது அவர் திட்டம். வண்டி தானாக நின்றால் எனக்கு வேலை உண்டு. நிற்காமல் போய்ச் சேர்ந்தால், இத்தனை நாள் நான்தான் வேண்டுமென்றே அணைத்துவிட்டு நாடகம் ஆடினேன் என்று ஆகும். நாளையிலிருந்து வர வேண்டாம். முந்தின நாள் வாசலில் நிறுத்தி வைத்து அவரே சொன்னது இது. பதினோரு வருஷமாக அந்த வீட்டு வண்டியை ஓட்டுகிறேன். வண்டி ஓட வேண்டும் என்று வேண்டிக்கொள்ளாத டிரைவர் கிடையாது. நடுரோட்டில் நின்று தொலைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

சார் எடை அளவு இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தைந்து வருஷம் கடை கடையாக ஏறி, தராசுத் தட்டின் அடியில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்த்து, எடைக்கல்லுக்கு முத்திரை குத்தியவர். தெருவில் அவர் பெயரே முத்திரைதான். உத்தியோகம் போயும் சந்தேகம் போகவில்லை. பால் ஊற்றுகிறவரின் கையைக் குனிந்து பார்ப்பார். இஸ்திரிக்குப் போட்ட துணியை மூன்று தடவை எண்ணுவார். வண்டிக்கு வயது இருபத்து மூன்று. புதிதாக வந்தபோது கூடவே வந்த புத்தகத்தில் லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறதாம். இன்றைக்கும் அது அப்படியே ஓட வேண்டும். அவருக்கே இப்போது மாடி ஏறுவதற்குள் நடுவில் ஒரு தடவை நிற்க வேண்டியிருக்கிறது. அவருக்கு யாரும் புத்தகம் போடவில்லை போலிருக்கிறது. வண்டி ஓடாத தூரமெல்லாம் கேனில் ஏறி என் வீட்டுக்குப் போய்விட்டதாக முடிவு கட்டி, நாலு மாதத்துக்கு முன் எங்கிருந்தோ பூட்டு வைத்த டாங்க் மூடி ஒன்றை வாங்கி வந்து மாட்டினார். சாவி அவர் சட்டைப் பையில். பெட்ரோல் போட வேண்டுமென்றால் அவரே பங்க்கில் இறங்கித் திறப்பார், பூட்டுவார், பூட்டியதை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார்.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திருடன் என்று நேருக்கு நேர் சொல்லியிருந்தால் அன்றைக்கே வண்டிச் சாவியை மேசையில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டியிருப்பேன். பூட்டை விட்டுச் சொன்னதால் பதில் சொல்லவும் வழியில்லாமல் ரோஷம் உள்ளேயே கிடந்து புளித்தது. அந்த மூடியைத் திரும்பிப் பார்ப்பதையே விட்டேன். வண்டியைத் துடைக்கும்போதுகூட அந்த இடத்துக்குத் துணி போகாது. நாலு மாத அழுக்கு அங்கே சேர்ந்திருந்தது, அதில் எனக்கு ஒரு அற்ப திருப்தி.

வண்டி நிற்க ஆரம்பித்ததும் அந்த வாக்கில்தான். மூட்டு ஆபரேஷன் ஆன அம்மாவை, அதாவது சாரின் மனைவியை, வாரம் மூன்று நாள் பிசியோதெரபிக்கு அழைத்துப் போவேன். ஐம்பது நிமிஷ வழி. நாற்பதாவது நிமிஷத்தில் வண்டி இரண்டு குலுங்கு குலுங்கும், மூச்சு வாங்கும், நின்றுவிடும். பத்து நிமிஷம் சும்மா விட்டால் ஒன்றுமே நடக்காதது மாதிரி கிளம்பும். மருந்துக் கடை, காய்கறிக் கடை என்று அங்கங்கே நிறுத்திப் போகிற நாளில் அந்தக் கோளாறே கிடையாது. சார் ஏறுகிற நாளில் அறவே கிடையாது. அம்மா காலை நீட்டவும் முடியாமல் மடக்கவும் முடியாமல் வெயிலில் உட்கார்ந்திருப்பார். என்னை ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

மெக்கானிக்கின் பட்டப்பெயர் மாத்திடலாம். எதைக் கேட்டாலும் அதுதான் அவர் பதில். முதலில் ப்ளக்கை மாற்றினார். பிறகு இக்னிஷன் காயில். பிறகு பில்டர், அதற்கப்புறம் பெட்ரோல் பம்ப். ஒவ்வொன்றையும் மாற்றிவிட்டுத் தெருவை ஒரு சுற்று சுற்றி வந்து, பிள்ளை பெற்றவர் மாதிரி நெற்றியைத் துடைத்துக்கொள்வார். நாற்பது நிமிஷம் ஓட்டிப் பாருங்கள் என்றால், அவ்வளவு நேரம் ஓட்டினால் எந்த வண்டிதான் நிற்காது என்று கேட்பார். கடைசியில் சாரிடம், வண்டியில் ஒன்றுமில்லை, ஓட்டுகிற காலில்தான் ஏதோ இருக்கிறது என்று சொல்லிவிட்டார். தன் அறிவு தீர்ந்த இடத்தில் என் காலை மாட்டிவிட்டார். சாருக்கு அது தேனாக இனித்திருக்கும்.

அன்றைக்குப் போனது சாரின் தங்கை வீட்டுக்கு, அம்மாவும் பின்சீட்டில் இருந்தார். சார் வந்தால் ஒவ்வொரு தடவையும் பாதி வழியில் உள்ள பங்க்கில் பெட்ரோல் போடுவது வழக்கம். அங்கேதான் அளவு சரியாக இருக்கிறதாம். அன்று அதன் குறுக்கே கயிறு கட்டி, பழுது வேலை என்று அட்டை தொங்கவிட்டிருந்தார்கள். அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டு மறுபடி என் காலுக்குத் திரும்பினார். இன்னும் பத்து நிமிஷம் போயிருப்போம். பாலத்தின் ஏற்றத்தில் வண்டி குலுங்கியது. மறுபடி குலுங்கி நின்றது. எனக்குக் கல்யாணத்தன்றுகூட அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

"என்ன பண்ணின?"

"ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருக்கு சார்."

அவர் என் கைகளைப் பார்த்தார், மூன்றாவது ஒன்றைத் தேடுவதுபோல மடியையும் பார்த்தார். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. நான் இறங்கி பானெட்டைத் திறந்து, தெரிந்ததையெல்லாம் தொட்டுப் பார்த்தேன். சார் வந்தால் நிற்காத வண்டி இன்றைக்கு மட்டும் ஏன் நின்றது? இன்று என்ன குறைந்தது? பங்க் குறைந்தது. பங்க்கில் என்ன நடக்கும்? இவர் இறங்கி மூடியைத் திறப்பார். அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. ஓடிப்போய், நாலு மாதமாகப் பார்க்காத அந்த மூடியைக் குனிந்து பார்த்தேன். பழைய மூடியின் நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அந்த வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். இதில் துளை இல்லை. பாட்டிலை வாயில் கவ்விக்கொண்டு உறிஞ்சினால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வராது, பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். ரோஷத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்ட எனக்குத் தெரியவில்லை. சாருக்காகச் சேர்த்து வைத்திருந்த திட்டில் பாதியை எனக்கே ஒதுக்கிக்கொண்டேன்.

சாவியைக் கேட்டேன். எதுக்கு என்றார். குடுங்களேன் என்று அம்மா உள்ளேயிருந்து சொன்னார். அவர் குடுக்கவில்லை, தானே இறங்கி வந்து திறந்தார். மூடி லேசில் வரவில்லை, உள்ளேயிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. பிடுங்கி எடுத்ததும் உஸ்ஸென்று நீளமாக ஒரு சத்தம். டாங்க் அதுவரை அடக்கிக்கொண்டிருந்த மூச்சு. நான் போய் சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே கிளம்பியது.

இப்போதாவது நீ அணைக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். பதினோரு வருஷத்துக்கு ஒரு வார்த்தை. அவர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு சின்ன ஓட்டை போட்டா சரியாயிடும் சார். ஊசி நுழையற அளவுக்கு."

"ஊசி நுழைஞ்சா டியூப் நுழையாதா?" என்றார் அவர்.

பிறகு பூட்டினார், இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார், முன்சீட்டில் ஏறிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓரமாக நிறுத்த வேண்டுமாம். இன்ஜினை அணைக்க வேண்டாமாம். அவரே இறங்கித் திறந்து, காற்று விட்டு, பூட்டிவிட்டு வருவாராம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனுஷனிடம் போய் ஒரு வார்த்தைக்காகக் கையேந்தி நின்றேனே என்று என் மேலேயே அருவருப்பு வந்தது.

பத்தாவது நிமிஷம் ஒரு பஸ் நிறுத்தத்தின் அருகில் நிறுத்தினேன். அவர் இறங்கிப் பின்னால் போனார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையோடு குனிந்து, டாங்க் வாயில் காதை வைத்துக் கேட்டார். பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் அவரையே பார்த்தார்கள். அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டார்.

"மூடி இல்லாம வண்டி ஓடுமாப்பா?"

"நல்லாவே ஓடும்மா."

"அப்ப எடு."

நான் கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. காலை மெதுவாக நீட்டி, பின்சீட்டில் சார் வழக்கமாக உட்காரும் இடத்தையும் சேர்த்து வசதியாகச் சாய்ந்துகொண்டார். கியரைப் போட்டேன். பக்கக் கண்ணாடியில் சார் நிமிர்ந்தார். ஒரு கையில் மூடி, இன்னொரு கையில் அதன் சாவி. முன்னால் பூட்டுவதற்கு எதுவும் இல்லாமல், இரண்டு கைகளையும் ஏந்தியபடி நின்றார்.