அப்பாவுக்கு இரண்டு வரி

செத்துப்போன பெரிய மனிதர்களுக்கு இடம் ஒதுக்குவதுதான் அவளுக்கு உத்தியோகம். நாளிதழின் ஒன்பதாம் பக்கம் இருபத்திரண்டு வருஷமாக அவள் கையில் இருக்கிறது. அலுவலகத்தில் அவளை ‘வழியனுப்பு அக்கா’ என்பார்கள். அவளும் கோபித்துக்கொண்டதில்லை.

அந்தப் பக்கத்துக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு நாளில் மறைந்தவர்களில் ஆகப் பெரியவருக்குப் படத்தோடு பெரிய பெட்டி, அறுநூறு வார்த்தை. அடுத்த இரண்டு பேருக்கு நடுப்பெட்டி. மிச்சம் இருப்பவர்களுக்கு அடியில் ஆளுக்கு இரண்டு வரி, படம் கிடையாது. இன்று செத்தவரை நாளைக்கு எடுத்து வைப்பதும் இல்லை. ஆக, மனிதன் எப்படி வாழ்ந்தான் என்பது பாதிதான்; எந்த நாளில், யாரோடு சேர்ந்து சாகிறான் என்பது மீதிப் பாதி. பதினேழு பாலம் கட்டிய பொறியாளர் ஒருவர், ஒரு நகைச்சுவை நடிகரும் இரண்டு மந்திரிகளும் செத்த அன்றைக்கே போய்ச் சேர்ந்தார். பதினேழு பாலமும் இரண்டு வரிக்குள் அடங்கிவிட்டன.

அந்த இரண்டு வரியைத்தான் அவள் தன் அப்பாவுக்கு ஆசைப்பட்டாள்.

அப்பா லேசுப்பட்ட ஆள் இல்லை. நாடே அவரை ‘வானொலி அப்பா’ என்று கூப்பிட்டது. குடும்பத்தில் சண்டையா, மருமகளோடு மனஸ்தாபமா, பிள்ளை பேச்சைக் கேட்கவில்லையா, ஒரு கடிதம் போட்டால் போதும். தேனில் குழைத்த குரலில் காலை ஏழரை மணிக்குப் பதில் சொல்லிவிடுவார். நாற்பது வருஷம் சொன்னார். ஊருக்கெல்லாம் அப்பா, வீட்டுக்கு மட்டும் அதிகாரி. மறுநாள் பேச்சை அவர் வீட்டில் ஒத்திகை பார்க்கும்போது அம்மா அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க வேண்டும். இருமல் வந்தால் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொள்வாள். அந்த இருமல்தான் கடைசியில் அவளைக் கொண்டுபோயிற்று. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவர் வானொலியில் மனைவியை இழந்தவன் படும் பாட்டைப் பற்றிப் பேசினார். கடிதம் மூட்டை மூட்டையாக வந்தது.

அப்போது மகள் அந்தப் பக்கத்துக்குப் புதுசு. அம்மாவுக்கு இரண்டு வரி போட்டுக்கொள்ளட்டுமா என்று அப்பாவிடம் கேட்டாள். அவர் கடிதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“போட்டு? அவ என்ன சாதிச்சான்னு எழுதுவே?”

அன்றைக்கு விழுந்த விதை அது. இருபது வருஷம் தண்ணீர் ஊற்றி வளர்த்தாள்.

இப்போது அப்பா மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் பதினோரு நாளாக இயந்திரத்தின் மூச்சில் கிடந்தார். மூளையில் ஒன்றும் மிச்சமில்லை, இயந்திரத்தை நிறுத்த அவளும் தம்பியும்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று மருத்துவர் நான்கு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் இழுத்தடித்தாள். பாசம் என்று தாதிகள் நினைத்தார்கள். அப்பாவோடு ஒரே நாளில் சாகப் பெரிய ஆட்கள் கூட்டுச் சேரட்டும் என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அதே கட்டிடத்தின் நான்காம் மாடியில், நாடே தலையில் வைத்துக் கொண்டாடும் கதாநாயகன் மீசைக்காரர் இழுத்துக்கொண்டு கிடந்தார்.

செவ்வாய்க்கிழமை காலையிலேயே அலுவலகத்திலிருந்து இரண்டு சாவு வந்துவிட்டது. தொண்ணூற்று நான்கு வயது நீதிபதி ஒருவர். கடலை நீந்திக் கடந்த பெண்மணி ஒருவர். நடுப்பெட்டி இரண்டும் நிறைந்தன. பதினோரு மணிக்கு அவள் மின்தூக்கிக்குள் நுழைந்தபோது, மீசைக்காரரின் ஒப்பனைக்காரர் கையில் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். முப்பது வருஷமாக அந்த முகத்துக்குச் சாயம் பூசியவர். கண் சிவந்திருந்தது. நான்காம் மாடிப் பொத்தானை அழுத்தினார்.

மூச்சுக் குழாய் மாட்டிய முகத்துக்கு யார் ஒப்பனை செய்வார்கள்? வேறு யாராவது பார்த்திருந்தால் பாவம், பார்க்க வந்திருக்கிறார் என்று போயிருப்பார்கள். அவளுக்குத் தொழில் புத்தி. மீசைக்காரர் போய்விட்டார், மூன்று மணிக்குள் அறிவித்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டாள். பெரிய பெட்டியும் நிறைந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

தம்பி வெளி நாற்காலியில் அப்பாவின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். இன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று அவள் சொன்னதும் அவன் முகம் சின்னப் பிள்ளை முகம்போல் கோணிற்று.

“ஒரே ஒரு நாள் அக்கா. நாளைக்கு மத்தியானம் என் பொண்ணு விமானத்துல வந்து இறங்கிடுவா. தாத்தா கை சூடா இருக்கும்போது ஒரு தடவை தொட்டுக்கட்டும். அவளுக்கு அவர்தானே எல்லாம்.”

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். எந்தக் குரல் அவனை இளக்கும் என்று அவளுக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து கேட்ட குரல்தானே. அதே இழுவை, அதே தேன்.

“நம்ம ஆசைக்காக ஒரு உயிரை வதைக்கிறது அன்பு இல்லப்பா. விட்டுக்குடுக்கிறதுதான் அன்பு.”

தம்பியும் அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டான். ஒன்று இருபதுக்கு இயந்திரம் நின்றது. தாதி நேரத்தைக் குறித்தபோது அவளும் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள். கண்ணுகளா, அப்பா செத்த நேரத்தில் ஒரு மகள் அச்சுக்குப் போகிற நேரத்தை எண்ணிப் பார்த்தாள் என்றால் நம்புவீர்களா? எண்ணினாள்.

ஆட்களை வைத்து ஆக வேண்டியதைப் பார்க்கச் சொல்லிவிட்டு அவள் அலுவலகம் போனாள். தந்தை செத்த அன்றும் வேலைக்கு வருகிறாளே என்று பக்கத்து மேசைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்று மணி ஆயிற்று. நான்கு ஆயிற்று. மீசைக்காரரைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான்கரைக்குச் சினிமாப் பக்கத்துக்காரர் வந்து காதோடு சொன்னார்: புதுப் படம் நாளைக்கு வெளியாகிறது, மருமகன்தான் தயாரிப்பாளர், சாவு வீட்டுக் கூட்டம் தியேட்டர் கூட்டத்தைக் கெடுத்துவிடும், முதல் நாள் ஓடி முடியட்டும் என்று கதவைச் சாத்திவிட்டார்களாம். ஒப்பனைக்காரரையும் வெளியே விடவில்லையாம். வீட்டாரோ மருத்துவமனையோ சொல்லாமல் யாரையும் சாகடிக்கக் கூடாது என்பது பத்திரிகையின் இன்னொரு சட்டம்.

ஐந்து மணிக் கூட்டத்தில் பத்திரிகை ஆசிரியர் நீதிபதியின் படத்தை ஒதுக்கி வைத்தார்.

“நீதிபதியை யாரும்மா அப்பான்னு கூப்பிட்டாங்க? பெரிய பெட்டி உங்க அப்பாவுக்குத்தான்.”

சொந்த மனிதருக்குப் போடுவது முறையில்லை, அடியில் இரண்டு வரி போதும் என்றாள். ஆசிரியர் மேசையைச் சுற்றி வந்து அவள் தலையில் கை வைத்தார். இந்த அடக்கம் யார் வளர்த்த வளர்ப்பு என்று நமக்குத் தெரியாதா என்றார். உன்னைவிட அவரை அறிந்தவர் யார், நீயே எழுது என்றும் சொல்லிவிட்டார்.

எழுத உட்கார்ந்தாள். எழுதத்தானே வேண்டும், உள்ளதை எழுதிவிடுவோம் என்று துணிந்துவிட்டாள். அவர் வீட்டில் அவர் ஒருவர்தான் பேசுவார் என்று எழுதினாள். மனைவி கதவைச் சாத்திக்கொண்டு இருமலை விழுங்கினாள் என்று எழுதினாள். மகள் அவருக்குப் பயந்தே வளர்ந்தாள் என்று எழுதினாள். ஆசிரியர் படித்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டார். துக்கத்தில் வார்த்தை முரடாக வருவது சகஜம்தான் என்று சொல்லி, தானே பேனாவை எடுத்துச் செப்பனிட்டார். மறுநாள் பக்கம் இப்படி வந்தது: ‘வீட்டில் அவர் பேச, குடும்பமே மெய்மறந்து கேட்கும். தன் இருமல்கூட அவர் சிந்தனையைக் கலைத்துவிடக் கூடாதென்று கதவைச் சாத்திக்கொண்ட உத்தமி அவர் மனைவி. அந்தக் கண்டிப்பில் வளர்ந்த மகள்தான் இன்று இந்தப் பக்கத்தின் பொறுப்பாளர்.’ கீழே அவள் பெயரும் போட்டிருந்தது. அவள் எறிந்த கல்லெல்லாம் அவர் கழுத்தில் மாலையாக விழுந்திருந்தது.

புதன்கிழமை அடக்கத்துக்கு மூவாயிரம் பேர் வந்தார்கள். அம்மாவைப் பற்றிய வரியைப் படித்து முன்பின் தெரியாத பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். தம்பி மகள் விமான நிலையத்திலிருந்து நேராக வந்து, குளிர்ந்த கையைத் தொட்டுவிட்டுச் சட்டென்று எடுத்துக்கொண்டாள். அத்தை முகத்தை அவள் பார்க்கவேயில்லை.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு, முதல் நாள் இரவுக் காட்சி வரை டிக்கெட் விற்றுக் காசு கைக்கு வந்த பிறகு, மீசைக்காரர் அதிகாரபூர்வமாகச் செத்தார். வியாழக்கிழமைப் பத்திரிகை முழுக்க அவர்தான், எட்டுப் பக்கம். ஒன்பதாம் பக்கமும் போய், அடியில் ஒரு பட்டைதான் மிஞ்சியது. புதன்கிழமை செத்த ரத்தநோய் விஞ்ஞானிக்கு அதில் இரண்டு வரி கிடைத்தது. பதினாறாயிரம் குழந்தைகளைப் பிழைக்க வைத்தவர். அந்த இரண்டு வரியையும் எண்ணி எழுதியது அவள் கைதான்.

காலையில் தம்பி இரண்டு பத்திரிகையையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். சாப்பாட்டு மேசையில் அருகருகே விரித்து வைத்தான். புதன்கிழமையில் அப்பாவின் சிரித்த முகம், வியாழக்கிழமையில் பட்டை. விஞ்ஞானியின் வரிகளை விரல் வைத்துப் படித்தான். பிறகு அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

“ஒரு நாள் தள்ளியிருந்தா நம்ம அப்பாவுக்கும் இதே கதிதானே? நல்லவேளை அக்கா, நீ என் பேச்சைக் கேக்கல.”