கப்பித்தானின் வாயில் கடல்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. என் அம்மா மாயம்மாளின் வாயிலிருந்து வந்தது. அதுவும் தெளிவாக வரவில்லை. குழறிக் குழறி, பாதி எச்சிலோடு வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் எங்காவது எல்லாம் என் கற்பனை என்று நான் பெருமையடித்துக்கொண்டால் நீங்கள் என்னைப் பிடித்து நிறுத்தலாம்.

தொடக்கம் சரியாக அமையவில்லை. எழுதிப் பார்த்தவை:

'கொச்சி மட்டாஞ்சேரியில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை...' மழை பெய்யாத ஞாயிற்றுக்கிழமையைத் தேடுவதுதான் இங்கே கஷ்டம். விட்டுவிட்டேன்.

'செத்தவர்களை எழுப்பும் வித்தை எனக்கு இளவயதிலேயே கைவந்தது...' இது எனக்குப் பிடித்திருந்தது. அம்மாவுக்குத் தமிழ் வாசிக்க வராது. எழுதியதை நான்தான் படித்துக் காட்டுவேன். கேட்டுவிட்டு, "போலீஸ் வரும் புள்ளே" என்றாள்.

'அம்மா பேசுவதை நிறுத்தியபோது...' இங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு விளையாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

2

தொண்ணூறுகளின் கடைசி. பிரதீஷின் மாமா கப்பலில் சமையல்காரர். அவர் சிங்கப்பூரிலிருந்து ஒரு தடித்த விதிப்புத்தகமும் ஒரு சுருக்குப்பை நிறையப் பல முகப் பகடைகளும் கொண்டுவந்தார். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ஆட்டம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, அந்தப் பாத்திரமாகவே பேசுவார்கள். வாள் பட்டதா தவறியதா என்பதைப் பகடை சொல்லும். கதை நடத்தியது பிரதீஷ். அவனை நாங்கள் மாஷ், அதாவது வாத்தியார், என்று கூப்பிட்டோம். சிஜு திருடன். மஞ்சுஷா வில்லாளி. நான் சங்கரி; அரிசி மொத்தக்கடையில் பில் எழுதுகிறவள். ஆட்டத்தில் செத்தவர்களை எழுப்பும் மந்திரவாதினி.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், பஜார் ரோட்டில் பூட்டிக் கிடந்த ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் ஆடுவோம். முதல் மாதங்களில் நான் எலும்புக்கூடுகளைக் கும்பல் கும்பலாக எழுப்பினேன். ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பகடை உருட்ட வேண்டும். மஞ்சுஷா கீழே இறங்கி, சாயா குடித்து, வளையல் கடைக்காரியோடு சண்டை போட்டுத் திரும்பி வந்தாலும் என் முறை முடிந்திருக்காது.

"இவளுக்க படை தீர்றதுக்குள்ள நமக்கு வயசாயிரும் மாஷே" என்று ஒருநாள் அவள் வில்லைப் போட்டுவிட்டாள். (வில் என்பது ஒரு பென்சில்.)

பிரதீஷ் யோசித்தான். "சங்கரீ, கூட்டம் வேண்டா. ரெண்டே ரெண்டு பேரு மதி. ஆனா பலமுள்ளவங்க. ஓரோருத்தனுக்கும் பேரு வேணும், ஒரு ஆசை வேணும். நீ சொன்னது பிடிக்கலேன்னா அவன் 'இல்ல'ன்னு சொல்லவும் செய்வான்."

"அடிமை 'இல்ல'ன்னு சொன்னா அப்புறம் என்ன மந்திரம்?" என்றேன்.

"அதானே மந்திரம்" என்றான்.

(பிரதீஷை நான் அளவுக்கு மீறி நல்லவனாக எழுதுகிறேனோ? அவன் பகடையில் கள்ளம் காட்டுவான். யாராவது சாகப் போகிறார்கள் என்றால் விழுந்த எண்ணைக் கையால் மூடிக்கொண்டு வேறு எண்ணைச் சொல்வான். அதற்காகவும் அவனுக்கு நன்றி.)

அப்படித்தான் எனக்கு இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒன்று, போரில் விழுந்த யானையின் எலும்புக்கூடு. மற்றது, கப்பலோடு மூழ்கிப்போன மாலுமித் தலைவன். கப்பித்தான் என்று பெயர் வைத்தோம். எழுப்பிய பிறகும் அவன் வாயில் கடல் தண்ணீர் வற்றவில்லை. அதனால் பேச்சு குழறும். அந்தக் குரலை மாஷே பேசினான்.

3

அம்மா கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. அவள் குரல் தெருமுனைக்கு முன்பே போய்ச் சேரும். அந்தக் குரலுக்குப் பயந்து கடைக்காரர்கள் குப்பையை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். ஒரு காலையில் வேலையிடத்திலேயே பக்கவாதம் வந்து அவள் வலப்பக்கம் விழுந்துவிட்டது. கையும் காலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பின. நாக்கு மட்டும்

(இந்த வாக்கியத்தை இப்படியே விடுகிறேன். அம்மாவும் அந்த நாட்களில் எல்லா வாக்கியங்களையும் இப்படித்தான் விட்டாள்.)

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அக்கம்பக்கத்தார் பார்க்க வந்தார்கள். அம்மா ஏதோ சொன்னாள். வந்தவர்களில் ஒருத்தி புரியாமல் என்னைப் பார்த்து, "எந்தா பறயுன்னே?", என்ன சொல்கிறாள் என்று கேட்டாள். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். அதோடு பேச்சு நின்றது. "பேசிப் பேசித்தான் சரியாகும், பேசாவிட்டால் நாக்கு மறந்துவிடும்" என்று டாக்டர் எச்சரித்திருந்தார். நான் கெஞ்சினேன், கத்தினேன், பட்டினி கிடந்தேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அம்மாவைத் தனியே விட்டு நான் ஆட்டத்துக்குப் போக முடியவில்லை. சரி, முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்தால் மூன்று பேரும் நிற்கிறார்கள். சிஜு தலையில் ஒரு கேரம்போர்டு. எங்கள் ஒற்றை அறையில் மேசை இருக்காது என்று அவனுக்குத் தெரியும். "யானைய வெளிய கெட்டியிருக்கு. உள்ள வரலாமா?" என்று கேட்டான்.

ஒருவரும் ஆறுதல் சொல்லவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் பலகையை வைத்துப் பகடையை உருட்டினார்கள், அவ்வளவுதான்.

4

ஆட்டச் சூட்டில் பிரதீஷ் எங்கே இருக்கிறோம் என்பதை மறந்துவிட்டான். கப்பித்தான் பேச வேண்டிய கட்டம் வந்தது. அவன் வாயைக் கோணி, நாக்கைத் தடிக்கவிட்டு, எச்சில் தெறிக்கக் குழறினான்.

அது அப்படியே அம்மாவின் பேச்சு.

அவனுக்கு உடனே உறைத்தது. மஞ்சுஷா தரையைப் பார்த்தாள். கட்டிலைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"அ... ப்படி இல்ல."

அம்மாதான்.

"வாயில... தண்ணி வெச்சிருக்கவன்... பல்லக் காட்ட மாட்டான். தண்ணி... கொட்டிப் போவும்." உதட்டைக் குவித்து, கன்னத்துக்குள்ளிருந்து பேசிக் காட்டினாள். "இப்... பிடி."

பிரதீஷ் தன் காகிதங்களிலிருந்து கப்பித்தானுடையதை எடுத்து அவள் மடியில் வைத்தான்.

"அம்மே, எனக்கு இவன் சரியாவல்ல. நீங்க பேசுங்க."

"எனக்கு... பேச்சு வராது மோனே."

"அவனுக்கும் வராது அம்மே."

(அம்மா இந்த இடத்தில் குறுக்கிட்டாள்: "ஞான் உடனே சம்மதிச்ச மாதிரி எழுதாத. அவன் சாயா வாங்கித் தந்த அப்புறமாக்கும் சம்மதிச்சேன்." திருத்திவிட்டேன்.)

5

அன்று ஒரு பாலத்தை மறித்துக்கொண்டு ஒரு பூதம் நின்றது. கடக்க வேண்டுமானால் காணிக்கை வேண்டும் என்றது. நான் மந்திரம் தேடினேன், சிஜு பதுங்க வழி தேடினான். கப்பித்தான் நேரே நடந்து போனான்.

"பாலம்... ஒங்கப்பன் கெட்டினதா? செத்தவன் கிட்ட... கை நீட்டுறியே... வெக்கம் இல்லியா ஒனக்கு?"

தெருமுனைக்கு முன்பே போய்ச் சேரும் அந்தக் குரல்! பாதி எழுத்துகள் இல்லை. ஆனால் குரல் இருந்தது. பிரதீஷ் பகடையை உருட்டினான், கையால் மூடினான். "பூதம் மாறி நிக்குது" என்றான். என்ன எண் விழுந்தது என்று இன்றுவரை அவன் சொல்லவில்லை.

அதன்பிறகு ஞாயிறுகளுக்காக அம்மா வார நாட்களில் ஒத்திகை பார்த்தாள். பாத்திரம் துலக்கும்போது கப்பித்தான் அலைகளை அதட்டுவான். புரியாமல் போனால் அவளுக்கு வெட்கமில்லை. குழறியது அவளில்லையே, கப்பித்தான்! எழுத்துகள் மெல்ல ஒவ்வொன்றாகத் திரும்பின. 'ர' திரும்பிய அன்று, அந்த எழுத்து வரும் சொற்களாகப் பொறுக்கி மஞ்சுஷாவை ஓயாமல் அதிகாரம் செய்தாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மஞ்சுஷா முறையிட்டாள்: "மாஷே, இது சரியில்ல. கப்பித்தானுக்க வாயில வெள்ளம் வத்திப்போச்சு. பேச்சு நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கு."

அம்மா அவள் பக்கம் திரும்பினாள். பிறகு உதட்டைக் குவித்து, கன்னத்தை உப்பி, வேண்டுமென்றே குழறினாள்.

நான் வெளியே போய் யானையைக் கட்டியிருந்த இடத்தில் நின்று அழுதேன்.

6

அம்மா வேலைக்குத் திரும்பினாள். இரண்டாயிரத்தில் பிரதீஷுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. அவன் நடத்திய கடைசி ஆட்டத்தில் என் பகடை மோசமாக விழுந்தது. அதுவரை இல்லாத வழக்கமாக, அவன் எண்ணை மறைக்கவில்லை. மந்திரவாதினி கடற்கரையில் வெட்டுண்டு விழுந்தாள். யானை பொடியாக உதிர்ந்தது. சிஜுவும் மஞ்சுஷாவும் மதிலுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். எதிரிகள் ஓடி வருகிறார்கள்.

பிரதீஷ் அம்மாவிடம் திரும்பினான்.

"கப்பித்தானே, நின்னெ கெட்டியிருந்த மந்திரம் அறுந்து போச்சு. இனி ஆரும் நின்னெப் பிடிச்சு வெக்க முடியாது. முன்னால கடல். அங்க போனா நிம்மதியா ஒறங்கலாம். பின்னால இவ கெடக்கா. தூக்கினா பிழைப்பா; ஆனா நீ பின்னேயும் இப்படியே நடக்கணும். எந்தா செய்யும்?"

நான் அம்மாவைப் பார்த்துச் சிரித்தேன். பெற்ற மகளைத் தூக்காமல் போவாளா?

அம்மா சிரிக்கவில்லை. "சாயா போட்டுட்டு வாரேன்" என்று எழுந்தாள். சாயா கொதிப்பதற்குள் பிரதீஷைத் தேடி அவன் தம்பி வந்துவிட்டான். சாமான் கட்ட வேண்டும், எல்லாரும் வந்து காத்திருக்கிறார்கள் என்றான். அம்மா பிரதீஷின் தலையில் கை வைத்தாள். ஆட்டம் அங்கே நின்றது.

7

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். இப்போது இரண்டாயிரத்து ஒன்பது. எழுதவும் திருத்தவும் நேரம் இருக்கிறது.

ஒன்றில் கப்பித்தான் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கிறான். படித்துக் காட்டினேன். "நல்லாருக்கு" என்றாள் அம்மா.

இன்னொன்றில் அவன் திரும்பிப் பாராமல் கடலுக்குள் இறங்குகிறான். அதையும் படித்தேன். "இதும் நல்லாருக்கு."

"ஏதாவது ஒண்ணு சொல்லும்மா. அன்னிக்கு என்ன சொல்ல நெனச்சே?"

"நீ எழுதுறது ஒனக்க கதை. கப்பித்தான் எனக்க ஆளு. அவன எழுப்பினப்பவே நீ அவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல்ல. இப்பவும் கேக்காம முடிக்கப் பாக்குற."

பேனாவை மூடிவிட்டேன்.

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. கடற்கரையில் அவன் நிற்கிறான், கட்டு இல்லாமல். தெரிய வேண்டுமென்றால் நீங்களே போய்க் கேளுங்கள். பேச்சு கொஞ்சம் குழறும். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து என்ன சொல்கிறான் என்று கேட்காதீர்கள். அவன் முடிக்கும்வரை நில்லுங்கள்.