வீட்டில் கவனிக்க ஆள் உண்டா?

சமூக சேவைப் பிரிவு அவள் கணவனின் கட்டிலிலிருந்து பன்னிரண்டு எட்டில் இருந்தது. பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தால் எதையாவது எண்ணத்தான் தோன்றும். அவள் அதை எண்ணினாள். பன்னிரண்டாவது எட்டில் ஒரு கண்ணாடிக் கதவு. அதில் ஒரு தாள்: 'நேரில் வர வேண்டாம். நாங்கள் உங்கள் கைபேசியிலேயே இருக்கிறோம்.' தாளுக்குப் பின்னால் ஒரு மேடம் தெரிந்தார். கைபேசியில் இல்லை, நாற்காலியில்தான் இருந்தார்.

செயலியின் பெயர் 'அருகில்'. நோயாளியின் வீட்டார் அதில் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும். யாருக்குச் சக்கர நாற்காலி, யாருக்கு வீட்டுக்கு வந்து பார்க்கும் ஆள், யாருக்கு மறுவாழ்வு மையத்தில் கட்டில் என்று அதுவே பிரித்துவிடும். முன்பெல்லாம் இதற்கு ஒரு மனிதர் முன்னால் நின்று அழ வேண்டும். செயலியில் அழுவதற்குக் கட்டம் கிடையாது. பெரிய முன்னேற்றம்தான்.

அவளிடம் இருந்தது பொத்தான் போன். அதனால் கொழுந்தனின் போனில்தான் எல்லாம். குடும்பத்தில் அவனுக்கு 'டவர்' என்று பெயர். ஆளும் உயரம், கையில் எப்போதும் சிக்னல். கடையிலிருந்து ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின்களை வீடு வீடாகக் கொண்டுபோய் இறக்குவது தொழில். சொந்தக்காரர்களின் எந்தப் படிவமும் அவன் கட்டைவிரலைத் தொடாமல் எந்த அலுவலகத்துக்கும் போனதில்லை. அந்த விரலுக்கு ஒரு கொள்கை இருந்தது.

"எல்லாத்துக்கும் 'ஆம்' அழுத்தணும் அண்ணி. அப்பத்தான் அடுத்த பக்கம் திறக்கும். 'இல்லை' போட்டா காரணம் கேக்கும். காரணத்தை யாரு டைப் அடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறது?"

வார்டு வராந்தாவில் முப்பது பேர் உட்கார்ந்திருக்க, டவர் கேள்விகளை உரக்கப் படித்தபடி அழுத்திக்கொண்டே போனான். நோயாளி படி ஏறுவாரா? ஆம். தானே சாப்பிடுவாரா? ஆம். ஐந்தே நிமிடத்தில், வலது பக்கம் முழுவதும் விழுந்துபோன அவளுடைய டைல்ஸ் மேஸ்திரி கணவன் அந்த வார்டிலேயே திடகாத்திரமான மனிதனாகிவிட்டான். பக்கவாதம் அவனுக்கு மிச்சம் வைத்தது 'சரி' என்ற ஒரே சொல். வலிக்கிறதா என்றாலும் சரி. இது எந்த வருஷம் என்று டாக்டர் கேட்டாலும் சரி. கல்யாணமான நாளிலிருந்து அவன் வாயில் வராத சொல், வியாதி வந்துதான் வந்தது என்று நினைத்து முதல் நாளே அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் அழுதாள்.

ஒரே ஒரு கேள்வியில் டவரின் விரல் நின்றது. 'வீட்டில் கவனிக்க ஆள் உண்டா?'

அவளைப் பார்த்தான். வராந்தாவைப் பார்த்தான். "நான் இல்லையா அண்ணி? அண்ணனை அப்படியே விட்டுருவேனா?"

வராந்தா முழுவதும் அவள் வாயைப் பார்த்தது. இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அதற்கப்புறம் எந்தக் கல்யாணத்திலும் தலைகாட்ட முடியாது.

"நீ இல்லாமலா தம்பி," என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை, அன்று மாலை நான்கு மணிக்கு டிஸ்சார்ஜ் என்று சிஸ்டர் சொல்லிவிட்டுப் போனார். திங்கள்கிழமை அவள் கார்மென்ட்ஸ் கம்பெனியின் இஸ்திரி செக்‌ஷனில் நின்றாக வேண்டும்; இல்லாவிட்டால் அந்த மேஜைக்கு வேறு ஆள். வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. மையத்தில் கட்டில் கிடைத்தால் ஆறு வாரம் பேசவும் நடக்கவும் பழக்குவார்கள். அவள் பன்னிரண்டு எட்டு வைத்துக் கதவைத் தள்ளினாள்.

மேடம் நல்லவர். வெளியே போ என்று சொல்லவில்லை. டேப்லெட்டைத் தட்டிப் பார்த்தார்.

"உங்க கேஸ் பச்சையில இருக்கும்மா. குடும்ப ஆதரவு வலுவா இருக்குன்னு காட்டுது. என்னால சிவப்பைத்தான் எடுக்க முடியும்."

"மேடம், நான் உங்க எதிர்லதான நிக்கிறேன்?"

"தெரியுதும்மா. சிஸ்டத்துல நீங்க நிக்கலையே." கொஞ்சம் யோசித்தார். "மையத்துல ஒரே ஒரு கட்டில் இருக்கு. மூணு மணிக்குள்ள குடுத்துரணும். அந்த ஒரு பதிலை 'இல்லை'ன்னு மாத்துங்க, உடனே சிவப்பாயிடும். ஓடிபி வரும், அதைச் சொன்னாப் போதும். ரெண்டு நிமிஷத்துக்குள்ள சொல்லணும். மூணு தடவைதான் விடும்."

ஓடிபி வந்தது, டவரின் போனுக்கு.

அவள் பொத்தான்களை அமுக்கினாள். டவர் ஏதோ ஒரு வீட்டுப் படிக்கட்டில் ஃபிரிட்ஜுக்கு அடியிலிருந்து பேசினான்.

"சொல்றேன் அண்ணி. நாலு... எட்டு... இருங்க. யாருக்கும் சொல்லாதேன்னு போட்டிருக்கே?"

"நான்தான் தம்பி கேக்கறேன்!"

"ஏமாத்தறவனும் இப்படித்தான் அண்ணி கேப்பான். எதுக்குன்னு சொல்லுங்க."

முதல் தடவை போயிற்று. இரண்டாவது முறை வந்த செய்தியை அவன் முழுசாகப் படித்தான். "'கவனிக்க ஆள் இல்லை என மாற்றுவதற்கான குறியீடு.'" மூச்சிரைப்பு நின்றது. "ஆள் இல்லையா? அப்ப நான் யாரு அண்ணி?"

"நம்பரைச் சொல்லு, அப்புறம் பேசலாம்."

"இல்ல, நான் யாரு?"

மேடம் ஒரு விரலைக் காட்டினார். இன்னும் ஒரு நிமிடம். பத்தொன்பது நாளும் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

"நீ ஞாயித்துக்கிழமை வந்து டிவியில சேனல் மாத்தற ஆளு! நான் வேலைக்குப் போனா அவரை யாரு திருப்பிப் படுக்க வைப்பா? யாரு கழுவி விடுவா? நீயா?"

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

மூன்றாவது முறை அவனுக்குப் போட்டபோது பிஸி. மறுபடியும் பிஸி. பிறகு அவள் போனே அடித்தது. பாய்ந்து எடுத்தாள். நாத்தனார்.

"ஏண்டி, என் தம்பியை ஆளே இல்லைன்னு எழுதிக் குடுத்தியாமே? அவன் நடுரோட்டுல நின்னு அழறான்!"

டேப்லெட்டில் பூட்டுப் படம் வந்தது. இருபத்து நான்கு மணி நேரம் கழித்து முயலவும்.

"மன்னிச்சுரும்மா," என்றார் மேடம். அவருக்கும் கண் கலங்கிவிட்டது. அதற்கும் அங்கே கட்டம் இல்லை.

நான்கு மணிக்கு டவர் வந்தான். கண் சிவந்திருந்தது, முறுக்கு குறையவில்லை. கடை வண்டியைக் கொண்டுவந்திருந்தான். அண்ணனை இரண்டு கையிலும் ஏந்தி வார்டின் நடுவில் நடந்தான். "இப்படி ஒரு தம்பி கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்," என்றார் சிஸ்டர். வண்டியில் ஃபிரிட்ஜ் கட்டும் பட்டையால் அண்ணனைப் பத்திரமாகக் கட்டினான்.

வீட்டு வாசலில், மாடிப்படிக்குக் கீழே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அண்ணனை இறக்கி வைத்தபோது போன் அடித்தது. கடையிலிருந்து. இன்னும் இரண்டு வாஷிங் மெஷின் பாக்கி.

"அரை மணி நேரம் அண்ணி, வந்து நானே தூக்கிட்டுப் போறேன்." வண்டியில் ஏறியவன் போனைப் பார்த்தான். "நம்ம கேஸை முடிச்சுட்டாங்களாம். எத்தனை ஸ்டார்னு கேக்குது. அஞ்சு குடுத்துட்டேன். பாவம், அவங்களும் உழைக்கறாங்க இல்ல?"

அரை மணி ஆயிற்று. இன்னொரு அரை மணியும் ஆயிற்று. மொத்தம் ஐம்பத்து நான்கு படி. அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கணவனின் இடது கையைத் தன் தோளில் போட்டாள்.

"ஏறிடலாமா?"

"சரி," என்றான்.