இரண்டு மரக்கால்

வட்டி ஏறினால் என்ன ஆகும்? கேட்டால் இந்தக் கேசவன் சிரிப்பார். அவர் சிரித்தால் கணவர் ராஜேந்திரனுக்கு முகம் சுண்டிவிடும். கேட்காமல் கையெழுத்தைப் போட்டுவிட்டால் ஒரு நிமிடம்தான். அப்புறம் கீழே போய் டீ குடிக்கலாம், ரயிலேறலாம், எல்லோரும் சந்தோஷமாக இருக்கலாம். பேனாவின் மூடியைக் கழற்றிய பிறகும் ஜெசிந்தாவின் கை இறங்கவில்லை.

ஊரப்பாக்கத்தில் தண்டவாளத்தை ஒட்டிய அந்தக் கட்டடத்தில் இன்னும் பூச்சுவேலை முடியவில்லை. இரண்டாம் மாடியில் ஜன்னல்களுக்குக் கண்ணாடி இல்லை. அடுக்கிய சிமெண்ட் மூட்டைகள்தான் மேசை. மின்சார ரயில் போகும்போதெல்லாம் கேசவன் காகிதங்களை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். வங்கிக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர் அவர். ஞாயிற்றுக்கிழமையிலும் டை கட்டியிருந்தார்.

கடன் இரண்டு விதம். ஒன்றில் கடைசிவரை ஒரே வட்டி. அது கூடுதல் என்பதால் அவள் சம்பளத்துக்குக் குறைவாகத்தான் கொடுப்பார்கள். பின்பக்கத்தில் இருக்கும் ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்குத்தான் சரியாக வரும். இன்னொன்றில் வட்டி மாறும். இன்றைக்குக் குறைவு. அதில் இந்த வீடே கிடைக்கும், இரண்டு அறைகளோடு. ராஜேந்திரனின் பட்டறை வேலைக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸாக இருப்பதால்தான் இந்தக் கடனே. கையெழுத்து அவளுடையது. ஆனால் மாறும் வட்டிக்கு நேராக ராஜேந்திரன் ஏற்கெனவே பென்சிலால் டிக் அடித்து வைத்திருந்தார்.

“இன்னா ஜெசி, ஜெபம் பண்றியா?” என்றார் ராஜேந்திரன். கேலியாகத்தான் கேட்டார், ஆனால் கால் ஆடிக்கொண்டிருந்தது.

“வட்டி ஏறுனா?” கேட்டேவிட்டாள்.

கேசவன் சிரித்தார். “நாலு வருஷமா எறங்கிக்கினே கீது மேடம். இப்ப எவன் ஃபிக்ஸட் எடுக்கறான்?”

“ஏறுனா இன்னா ஆவும், அத்தச் சொல்லுங்க.”

“மாசம் கட்டறது அதேதான். ஒரு பைசா கூடாது. வருஷம் மட்டும் கொஞ்சம் நீளும். உங்களுக்கே தெரியாது மேடம்.”

உங்களுக்கே தெரியாது.

திருப்போரூருக்குப் பக்கத்தில், அப்பா தனகோடி கூலிக்குக் கதிர் அறுத்துவந்த நிலத்துக்காரர் வீட்டில் அவள் சிறுமியாக மாட்டுக்கொட்டகை கூட்டியிருக்கிறாள். ஆடியில் அங்கே கடனாக நெல் அளந்து கொடுப்பார்கள். தையில் அறுவடைக் கூலியிலிருந்து அளந்து பிடித்துக்கொள்வார்கள். ஒருநாள் கொட்டகை மூலையில் நெல் அளக்கும் மரக்கால்கள் இரண்டு கிடந்தன. விளையாட்டாக ஒன்றை எடுத்து இன்னொன்றுக்குள் வைத்தாள். இடிக்காமல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னாள். அவர் நிமிரக்கூட இல்லை. “தெரியும், கத்தாத” என்றார். சிறியதில் வாங்கிப் பெரியதில் கொடுக்கிறோம் என்று தெரிந்தேதான் கொடுத்திருக்கிறார். மரக்காலைவிட அந்த முகம்தான் இன்றுவரை அவளை விடவில்லை.

வங்கி ஒன்றும் நிலத்துக்காரர் இல்லையே என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். வட்டி இன்னும் இறங்கலாம். ஊரே இதைத்தான் எடுக்கிறது. என் பயத்துக்காக மகளின் அறையைப் பறிக்கிறேனா?

ராஜேந்திரன் அவளை ஜன்னலோரம் அழைத்துப் போனார். குரலைத் தாழ்த்தினார்.

“நாலு வூடு மாறிட்டோம். ஒவ்வொருத்தனும் ஊரு எது, தெரு எதுன்னு கேட்டான். கடசி வூட்டுக்காரன் இன்னா சொன்னான்? சொந்தக்காரங்க வராங்க, காலி பண்ணுங்கன்னான். எவன் வந்தான்? இன்னும் பூட்டிதான் கெடக்கு. நம்மளுதுன்னு ஒரு வூடு, புள்ளைக்கு ஒரு ரூமு. வேற இன்னா கேட்டுட்டேன்? போடு ஜெசி. அந்தாளு பாத்துக்கினு கீறான்.”

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அந்தப் பூட்டை அவளும்தான் பார்த்திருக்கிறாள்.

“அம்மா!” உள்ளறையிலிருந்து சிநேகா கத்தினாள். “கட்டிலு இங்கதான். படுத்துக்கினே ரயிலு பாக்கலாம்!”

செங்கல் துண்டால் சிமெண்ட் தரையில் கோடு இழுக்கும் சத்தம் கேட்டது.

ஜெசிந்தா மூட்டைகளுக்குத் திரும்பி வந்தாள். கேசவன் காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்தார். அவள் மூடியை எடுத்துப் பேனாவில் வைத்து, அது சொடுக்கும்வரை அழுத்தினாள்.

“இதுல நான் போடலங்க.”

ராஜேந்திரனைப் பார்த்துத்தான் சொன்னாள், மெதுவாக. ஆடிக்கொண்டிருந்த அவர் கால் நின்றிருந்தது.

தாம்பரம் பக்கமிருந்து ரயில் வந்தது. இந்த முறை காகிதங்களை யாரும் பிடிக்கவில்லை. ஒன்று பறந்து சிமெண்ட் தூளில் விழுந்தது. ரயில் கடந்து போன பிறகு உள்ளறையில் அந்தச் சத்தம் மறுபடி தொடங்கியது. கட்டிலை முடித்துவிட்டு, சிநேகா மேசை வரையத் தொடங்கியிருந்தாள்.