பூனை எடுத்த வாந்தி

என் தொழிலுக்கு மூலதனம் மூக்குதான். கார்ப்பெட்டில் கக்கி வைத்தது குழந்தையா, குடிகாரரா, நாயா என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவேன். சொல்லக் கூடாது என்பதுதான் தொழில் தர்மம். வந்தோமா, துடைத்தோமா, போனோமா என்று இருக்க வேண்டும். எனக்குத்தான் இந்தப் பாழாய்ப்போன வாய் அடங்குவதில்லை. அதனாலேயே இரண்டு வீடுகளில் என்னை மறுபடி கூப்பிடவில்லை.

அன்றைக்குப் போனது மூன்றாம் மாடியில் ஒரு தையல்காரர் வீடு. கதவைத் திறந்தது அவர் மனைவி. என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார்.

"பூனைதாங்க," என்றார், நான் செருப்பைக் கழற்றுவதற்குள். "எங்க பார்த்தாலும் வாந்தி. மனசைக் கல்லாக்கிட்டுப் போன மாசமே தெரிஞ்சவங்க வீட்டுல விட்டாச்சு. அது போயிடுச்சு, நாத்தம் போகலை."

படுக்கையறையில் சுவருக்குச் சுவர் சாம்பல் நிறக் கார்ப்பெட். கட்டிலோரம் அவர் காட்டிய இடத்தில் மண்டி போட்டேன். பூனை கக்கினால் முடியும் சேர்ந்து வரும். இதில் ஒரு முடி இல்லை. விரலால் அழுத்திப் பார்த்தேன். அடியில் ஈரம். போன மாதம் போன பூனை நேற்று வந்து கக்கிவிட்டுப் போகுமா? போதாததற்கு யாரோ சோப்புத்தூளைக் கொட்டி, வெந்நீரை ஊற்றி, பிரஷ்ஷால் பரபரவென்று தேய்த்திருந்தார்கள். வாந்திக் கறையைத் தேய்க்கவே கூடாது. பச்சைத் தண்ணீர் விட்டு ஒற்றி எடுக்க வேண்டும். வெந்நீர் பட்டால் கறை இழைக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். பூனைக்கு ஆயிரம் கெட்ட குணம் இருக்கலாம், வெந்நீர் போடத் தெரியாது.

வெள்ளைத் துணியால் ஒற்றினேன். துணியில் காப்பித்தூள் மாதிரி கறுப்பாகப் பொடி ஒட்டியது. என் மாமியாருக்கு வயிற்றில் ரத்தம் கசிந்தபோது இப்படித்தான் வந்தது. அதற்கப்புறம் அவர் அதிக நாள் இருக்கவில்லை. துணியை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"தங்கச்சி."

தையல்காரர் கதவருகே நின்றிருந்தார். கன்னம் ஒட்டிப்போன மனிதர். சட்டை மட்டும் அளவெடுத்தது போல் கச்சிதமாக இருந்தது. மற்றவர்கள் இளைத்தால் சட்டை காட்டிக்கொடுத்துவிடும். இவர் இளைக்க இளைக்கச் சட்டையைப் பிடித்துத் தைத்துக்கொண்டே வந்திருக்கிறார். கைக்கடிகாரத்தை அப்படிப் பிடிக்க முடியவில்லை போலும். அது முழங்கை வரை போய் வந்துகொண்டிருந்தது.

"பூனைன்னே இருக்கட்டும்மா," என்றார் தணிந்த குரலில். "அவ தாங்க மாட்டா."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களாண்ணே?"

"காட்டினா அதுக்கு ஒரு பேரு வச்சிடுவாங்க."

"பேரு வைக்கலைன்னா அது வளராதா?"

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். என் அண்ணன் வயது ஆள். எனக்கு அழுகைக்குப் பதிலாகக் கோபம்தான் வந்தது.

சொல்லிவிடுவது என்ற முடிவோடு எழுந்து சமையலறைக்குப் போனேன். அவர் மனைவி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அது பூனை இல்லைக்கா."

அவர் திரும்பவில்லை. குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டார், பேச்சு உள்ளே கேட்காதபடிக்கு.

"துவைக்கிறவளுக்குத் தெரியாதா? ஒரே சட்டையை மூணு தடவை பிடிச்சிருக்காரு." ஒரு தட்டையே திரும்பத் திரும்பக் கழுவினார். "நான் கேட்டா சொல்லிடுவாரும்மா. சொல்லிட்டா அப்புறம் அது நிஜமாயிடும். நீங்க நாத்தத்தை மட்டும் எடுத்துக் குடுத்துட்டுப் போங்க."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பழியைச் சுமந்துகொண்டு பூனை போய்விட்டது. இங்கே புருஷனும் பெண்டாட்டியும் முழுப் பூசணிக்காயை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துச் சோற்றில் மறைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த மனிதருக்கு மிச்சமிருக்கும் நாளெல்லாம் இந்த நாடகத்திலேயே போய்க்கொண்டிருந்தது. டாக்டரைப் பார்க்க இன்னும் நேரம் இருக்கிறதோ இல்லையோ, அதுவும் தெரியாது. என்னால் பொறுக்க முடியவில்லை. ஈரக்கையோடு அக்காவைப் பிடித்து இழுத்துக்கொண்டு படுக்கையறைக்கு வந்தேன்.

ஜன்னல் திரையை இழுத்து மூடினேன். என் பையில் ஒரு நீல விளக்கு இருக்கிறது. வெறுங்கண்ணுக்குத் தப்பும் பழைய கறைகளைத் தேட வாங்கியது. எங்கே சோப்புத்தூள் தங்கியிருந்தாலும் அந்த வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும்.

"பாருங்க, ரெண்டு பேரும் நல்லாப் பாருங்க," என்று கத்திக்கொண்டே விளக்கை அடித்தேன்.

கட்டிலோரம், ஜன்னலடி, பீரோவுக்கு முன்னால், குளியலறைக் கதவு வரைக்கும் பளிச்சிடும் வட்டங்கள். எல்லாம் ஒருவர் முழங்காலிட்டுத் தேய்த்த அகலம். தையல்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அக்கா விரலை நீட்டி எண்ணினார். பீரோ வரை வந்தவர் குழம்பிப்போய் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

"பதினொண்ணு," என்றார்.

புருஷன் பக்கம் திரும்பினார்.

"நான் நாலுன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன். ஏங்க, நாலுதானேங்க?"

தையல்காரர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"மத்ததெல்லாம் நீ கடைக்குப் போன நேரமாப் பார்த்து வந்துச்சு."

அக்கா அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. புருஷனின் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டார்.

"இனிமே நான் கடைக்குப் போகலைங்க," என்றார். "எங்கயுமே போகலை."