நாலாவது பேர்

பிம்பள்வாடியில் பைரவநாதர் திருவிழாவுக்குத் தமாஷாக் கூத்து ஆட வந்தால், ஆடுகிறவர்களுக்குச் சாப்பாடு ஊர் முறை. வீட்டுக்கு இத்தனை பாக்ரி ரொட்டி என்று வந்துவிடும். இந்த வருஷம் காலையில் லாரிக்குப் பின்னால் பாக்ரித் துணியோடு வந்து நின்ற பெண்ணைப் பார்த்ததும் கொண்டிபா பவுடர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டார். ஞானோபாவின் மகள் அனுசூயா. பாதி முகத்துக்குத்தான் பவுடர் பூசியிருந்தார். மீதிப் பாதி பவுடர் இல்லாமலே வெளுத்துவிட்டது.

கொண்டிபா பிறந்ததே கூடாரத்தில்தான். ஐம்பத்திரண்டு வயதில் முப்பது வருஷம் ஒரே வேஷம். பால்குடம் சுமந்து மதுராவுக்குப் போகும் பெண்களுக்கு முன்னால் புடவையும் பொய்க்கொண்டையுமாக நடக்கிற மாவ்சி, ஊருக்கெல்லாம் சித்தி. கிருஷ்ணனின் நொண்டித் தோழனாக வழிமறிப்பவன் சொந்தத் தம்பி நிவ்ருத்தி. எழுதிவைத்த வசனம் எதுவும் கிடையாது. அண்ணன் வாயில் எது வந்தாலும் தம்பி அதைப் பிடித்துக்கொண்டு மடக்கவேண்டும், டோல்கி மேளக்காரர் ஒரு தட்டு தட்டவேண்டும். ஆட்டத்துக்கு முன்னால் டீக்கடையில் உட்கார்ந்து, நாலு ஊர்க்காரர் பேரையும் அவர்களுடைய கோணல்களையும் விசாரித்து வைத்துக்கொள்வது கொண்டிபாவின் பொறுப்பு. சொந்த ஊர்க்காரன் பேர் மேடையில் வந்தால் ஜனத்துக்கு அப்படியொரு குஷி.

போன வருஷம் மூன்று பேர்தான் தேறியது. கஞ்சப் பாட்டீல், குறட்டைப் பூசாரி, தராசில் விரல் வைக்கிற மளிகைக்காரர். நாலாவதுக்கு டீக்கடைக்காரன் கண்ணடித்தான். "ஞானோபா பொண்ணு புல்லறுக்கப் போனா மூணு மணி நேரமாமே!"

கல்யாணமாகாத பெண்ணின் பேரை எடுப்பதில்லை என்று அவர்கள் குடும்பத்தில் ஒரு வரம்பு உண்டு. கொண்டிபாவுக்குத் தெரியாதா என்ன? மூன்று பேரோடு ஏறினால் ஆட்டம் சப்பென்று போய்விடும் என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. மேடையில் இடுப்பில் கைவைத்துக் கேட்டுவிட்டார்: "மதுராவுக்கு வழி என்னையா கேக்கறீங்க? அனுசூயாவக் கேளுங்கடி! கரும்புக் காட்டுக்குள்ள எல்லா வழியும் அவளுக்கு அத்துப்படி!" கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவளுக்கு நிச்சயம் செய்திருந்த பையனின் அப்பாவும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார். எட்டாம் நாள் நிச்சயம் முறிந்தது. வேறொரு ஊர்ச் சந்தையில் அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து கொண்டிபாவுக்குத் தூக்கம் சரியில்லை.

அனுசூயா துணியைப் பெட்டிமேல் வைத்தாள்.

"உங்க பேரு எனக்குத் தெரியாது. மாவ்சின்னே கூப்பிடறேன், கோவிச்சுக்காதீங்க."

"கூப்பிடும்மா. நான் செஞ்ச காரியத்துக்கு..."

"அதப் பேச வரல. இப்ப ஒரு எடம் வந்திருக்கு. பையனோட மாமா குஸ்தி பாக்கணும்னு இன்னைக்கு ஊருக்கு வந்திருக்காரு. அவருக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க நல்லதாவும் சொல்லவேணாம், கெட்டதாவும் சொல்லவேணாம். என் பேரையே எடுக்காதீங்க. அது போதும்."

"எடுக்கமாட்டேன். பைரவநாதர் மேல சத்தியம்."

அவள் போனபிறகு கொண்டிபா பாக்ரித் துணியை அவிழ்க்காமலே ஓரமாகத் தள்ளிவைத்தார். தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கலாம். நிச்சயம் முறிந்த கதையை அவனிடம் ஒரு வருஷமாக மறைத்தாயிற்று, இப்போது சொல்ல வெட்கமாக இருந்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்துவிட்டார்.

கோயிலுக்கு முன்னால் பகலாட்டம். மாவ்சி வந்து நின்றதுமே பின்வரிசையிலிருந்து எவனோ குரல் கொடுத்தான்: "மாவ்சி! கரும்புக் காட்டு வழி என்னாச்சு?"

பாட்டீலின் கஞ்சத்தனத்தை இழுத்துவிட்டால் போதும், கூட்டம் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும். கொண்டிபாவுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனாலும் சொன்ன இடத்திலேயே நின்று துடைத்துவிடலாமே என்று ஒரு ஆசை எழுந்தது. அவளுக்காகத்தான் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டார். உண்மையில், ஒரு வருஷமாக நெஞ்சை அழுத்தும் பாரத்தை இறக்கிவைக்கத்தான் அவருக்கு அவசரம்.

"ஜனங்களே, போன வருஷம் நான் சொன்னது சுத்தப் பொய். அனுசூயா தங்கமான பொண்ணு. நான் எதையும் கண்ணால பாக்கல."

டோல்கி ஒரு தட்டு தட்டியது. நிவ்ருத்தி நொண்டிக்கொண்டே முன்னால் வந்தான். அண்ணன் வாயைத் திறந்தால் மடக்குவதுதானே அவன் தொழில்? "நீ பாக்கலியா? அப்ப வரப்புல காவலுக்கு நின்னது யாரு மாவ்சி?"

விசில் பறந்தது. கொண்டிபா பொய்க்கொண்டையைப் பிடுங்கி எறிந்தார். "டேய், நெசமாத்தாண்டா சொல்றேன்!"

"பாத்தீங்களா! வாய மூடச் சொல்லி மாவ்சிக்கு மொட்டையே போட்டுட்டாங்க!"

கொண்டிபா கையெடுத்துக் கும்பிட்டார். கண்ணீர் பவுடரைக் கரைத்துக்கொண்டு வழிந்தது. மாவ்சியின் அழுகைக்குத்தான் அந்தச் சுற்றுவட்டாரத்தில் தனிப் பேர். ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. ஒருவன் ஓடிவந்து புடவையில் ஐந்து ரூபாய் நோட்டைக் குத்திவிட்டுப் போனான். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த வெளியூர் வெள்ளைத்தொப்பிக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ கேட்டார். பக்கத்திலிருந்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பெண்கள் பக்கமாகக் கையை நீட்டினார்.

கொண்டிபாவும் அந்தப் பக்கம் பார்த்தார். நாலாவது வரிசையில் அனுசூயா சிரித்துக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்தில் எல்லாரும் அவள் முகத்தையே பார்க்கும்போது, அவர்கள் எல்லாரையும்விடச் சத்தமாக, முந்தானையைக்கூட வாய்க்குக் கொடுக்காமல் சிரித்தாள். முப்பது வருஷத்தில் எத்தனையோ சிரிப்பை அவர் வாங்கியிருக்கிறார். அவள் எப்போது நிறுத்துவாள் என்று மேடையில் நின்றபடி காத்திருந்தார். அவள் நிறுத்தவில்லை.