துரை எழுதிய அளவு

ஜொகூர்ச் சீமையில் பெக்கோக் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றின் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்த ஐயாசாமிக்கு ஒரு வித்தை நன்றாகக் கைவந்திருந்தது. மேலே இருப்பவர்கள் செய்யும் தவறை, செய்தவர்களுக்கே தெரியாமல் சரிசெய்துவிடுவான். கணக்கெழுதும் கிராணி ஆளை மாற்றிச் சீட்டு எழுதினால், சீட்டை வாங்கிக்கொண்டு சரியான ஆளை அனுப்பிவைப்பான். ஆஸ்பத்திரியை நடத்தும் டிரஸ்ஸர் ஐயா காய்ச்சல்காரனுக்குப் பேதிமருந்து கொடுக்கச் சொன்னால், "சரிங்கய்யா" என்று வாய் நிறையச் சொல்லிவிட்டுக் காய்ச்சலுக்கான கொயினாவைக் கொடுப்பான். யார் மனமும் நோகாது. இவனைவிட நல்ல ஊழியன் எந்தத் துரைக்குக் கிடைப்பான், சொல்லுங்கள்.

சும்மா வந்த வித்தை இல்லை அது. அவனுக்கு முன்னால் அதே மேசையில் நின்றவன் வீரமுத்து. ஒருநாள் டாக்டர் துரை எழுதிய மருந்தைப் படித்துவிட்டு, தோட்டத்துப் பெரிய துரையின் முன்னாலேயே, "ஐயா, இது பச்சப்புள்ளைக்கு ரொம்ப ஜாஸ்திங்க" என்று சொல்லிவிட்டான். டாக்டரின் முகம் சிவந்தது. பெரிய துரை சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் வீரமுத்துவின் சோற்றில் மண்ணைப் போட்டது. வாரம் முடிவதற்குள் அவன் சட்டிபானையெல்லாம் லயத்து வீட்டுக்கு வெளியே வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவனை எங்கே பார்த்தார்கள் என்பதற்கு ஆளுக்கொரு கதை சொன்னார்கள்.

டாக்டர் துரை கெட்டவர் என்றால் கதை சுலபமாகப் போய்விடும். அவர் கெட்டவர் இல்லை. ரயில் பாதையை ஒட்டிய தோட்டங்களையெல்லாம் முறைவைத்துச் சுற்றிப் பார்ப்பவர். பிள்ளைகளை விட்டுச்செல்லும் ஆயாக்கொட்டகைக்குள் நுழையும்போதே சட்டைப்பையில் மிட்டாய் இருக்கும். சளி ஒழுகும் குழந்தையையும் முகம் சுளிக்காமல் தூக்குவார். ஆனால் வயதாகிவிட்டது, கவனம் தேய்ந்துவிட்டது. பேதி என்றால் அபின் டிஞ்சர் சேர்த்த கலவை ஒன்றை எழுதுவார். அதில் பெரிய ஆளுக்கான அளவையே கைக்குழந்தைக்கும் எழுதிவிடுவார். எப்போதாவது இல்லை, அனேகமாக ஒவ்வொரு தடவையும்.

ஐயாசாமி மூச்சு விடமாட்டான். சீட்டை இரண்டு கையாலும் பணிவாக வாங்கிக்கொள்வான். உள்ளே போய்க் குழந்தைக்கு எவ்வளவோ அவ்வளவு மட்டும் விட்டு, மிச்சத்துக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பான். குழந்தை பிழைக்கும். அடுத்த முறை டாக்டர் துரை அதன் கன்னத்தைத் தட்டி, "என் மருந்து நல்ல மருந்து" என்பார். ஐயாசாமியும் தலையாட்டுவான். அந்த நிமிஷத்தில் அவனுக்குள் ஒரு பெருமை பொங்கும் பாருங்கள், அதை அவன் பெண்சாதியிடம்கூடச் சொன்னதில்லை.

இப்படியே காலம் ஓடியிருக்கும். ரப்பர் விலை விழுந்து, வேண்டாத ஆட்களைக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்த நேரம் பார்த்துப் புது விதி வந்தது. பரீட்சையில் தேறிச் சான்றிதழ் வாங்காத எவனும் இனி ஆஸ்பத்திரி மருந்து அலமாரியைத் தொடக்கூடாது. பரீட்சைக்குப் போகவும் ஆயிரம் நிபந்தனை. பெரிய ஆஸ்பத்திரியில் இத்தனை மாதம் கைப்பழக்கம் வேண்டும், வகுப்புக்கு வந்த நாள் குறையக்கூடாது, லத்தீன் சுருக்கெழுத்து தெரியவேண்டும். மூன்று முறைதான் உட்காரலாம், அதுவரை மேசையில் விட்டுவைப்பார்கள். மூன்றாவதிலும் தவறினால் ஆயுசுக்கும் இல்லை.

முதல் தடவை லத்தீன் அவன் காலை வாரிவிட்டது. இரண்டாவது தடவை பெண்சாதிக்குப் பிரசவம் சிக்கலாகித் தோட்டத்துக்கு ஓடியதில் வகுப்பு நாள் குறைந்து, பரீட்சை மண்டபத்துக்குள்ளேயே விடவில்லை. அதையும் ஒரு தடவையாகக் கணக்கில் வைத்துக்கொண்டார்கள். இது மூன்றாவது. தேறினால் மருந்து மேசை. தவறினால் ரப்பர் மரத்துப் பால்வெட்டுக்குக்கூட ஆள் எடுக்காத காலத்தில், பெண்சாதி பிள்ளைகளோடு கப்பல்தான். அவனோ இந்த மண்ணில் பிறந்தவன். நாகப்பட்டினத்தில் இறங்கினால் எந்தப் பக்கம் நடக்கவேண்டும் என்றுகூடத் தெரியாது.

ஜொகூர் பாருவுக்கு ரயிலேறினான். வழியில் லாயாங் லாயாங் ஸ்டேஷனில் அவன் அக்கா பேச்சியம்மாள் காத்திருந்தாள். அங்கே ஒரு தோட்டத்தில் வாக்கப்பட்டவள். போன வருஷம்தான் அவளுடைய ஒரே பெண் குழந்தை, தவழ ஆரம்பித்த செல்வராணி, பேதி கண்டு போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து அக்கா பாதி ஆளாகிவிட்டாள். ஜன்னல் வழியாகக் கையை நீட்டித் தம்பி நெற்றியில் திருநீறு பூசினாள்.

"பாஸாயிட்டுத்தான் வரணும் தம்பி. வாரப்ப இங்கயே நிப்பேன், நல்ல சேதி சொல்லிட்டுப் போ."

"சொல்றேங்க்கா."

பெரிய ஆஸ்பத்திரியில் எழுத்துப் பரீட்சை சுலபமாகவே போயிற்று. விதிப்புத்தகம் முழுவதும் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். அதிலும் ஒரு விதியைக் கேட்டிருந்தார்கள். மருந்தின் அளவில் ஐயம் வந்தால் கலப்பவன் கையை நிறுத்தவேண்டும். எழுதியவரிடம் கேட்கவேண்டும். தானாகக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ஐயாசாமி அதை ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதினான். எழுதினான், அவ்வளவுதான். அது லண்டனில் யாருக்கோ யாரோ எழுதியது, தோட்டத்துக்கு ஒத்துவராது என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. வீரமுத்து அந்த விதிப்படி நடந்துதானே சட்டிபானையைத் தூக்கினான்.

மத்தியானம் செய்முறைப் பரீட்சை. மேசைமேல் தராசு, அளவுக் குழாய், சீசாக்கள். ஆளுக்கொரு மருந்துச் சீட்டு. ஐயாசாமி தன் சீட்டைப் பிரித்து இரண்டு தடவை படித்தான். கைக்குழந்தைக்குப் பேதியை நிறுத்தும் மருந்து. அபின் டிஞ்சர். அளவு பெரிய ஆளுக்கானது.

பரீட்சை வைத்தவர் சின்னத்தம்பி. யாழ்ப்பாணத்துக்காரர், அந்த ஆஸ்பத்திரியின் மருந்துப் பகுதிக்குத் தலைவர். வெள்ளைக் கோட்டும் தங்க ஃப்ரேம் கண்ணாடியுமாக மேசைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தார். பாவம், இவ்வளவு படித்த மனுஷன் தப்பாக எழுதிவிட்டாரே என்று ஐயாசாமி நினைத்தான். எழுந்து நின்று இத்தனை பேர் முன்னால் சொன்னால் அவர் மானம் என்ன ஆகும்? அவர் கோபம் நம் தலையில் அல்லவா விடியும்? மூன்றாவது தடவை வேறு. அவன் கை யோசிக்கவே இல்லை. பழகிய பாதையில் தானாகப் போயிற்று. குழந்தைக்குரிய அளவு, மிச்சத்துக்குத் தண்ணீர். சீசாவைத் துடைத்து, சுத்தமாகச் சீட்டொட்டி வைத்தான். ஒரு மனுஷனின் மானத்தைக் காப்பாற்றிவிட்ட திருப்திகூட இருந்தது அவனுக்கு.

சாயங்காலம் ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டார் சின்னத்தம்பி. ஐயாசாமியின் சீசாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"சீட்டிலை எழுதினபடி கலந்தனீரோ?"

"ஆமாங்கய்யா. எழுதினபடிதாங்க."

அவர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "நிறம் வெளிறிக் கிடக்கு. மணமும் இல்லை. உண்மையைச் சொல்லும். பிழையெண்டு கண்டனீர்தானே?"

ஐயாசாமி தரையைப் பார்த்தான். "கண்டேங்கய்யா."

"கண்டும் ஏன் சொல்லேல்லை?"

"ஐயா எழுதினது… நான் எப்படிங்க…"

சின்னத்தம்பி கண்ணாடியைக் கழற்றினார். கத்துவார் என்று எதிர்பார்த்தான். அவர் கத்தவில்லை. "அது பரீட்சைக்கெண்டு வேணுமெண்டே பிழையாய் எழுதினது. எழும்பி வந்து கேட்டிருந்தால் அதோடை நீர் பாஸ். எழுதினபடி கலந்தவனும் ஃபெயில், நீரும் ஃபெயில். விதி அப்பிடி."

"குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுங்களே ஐயா! நான் சரியாத்தானுங்க கலந்திருக்கேன்!" வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு மேலதிகாரியிடம் ஐயாசாமியின் குரல் உயர்ந்தது. "எங்க டாக்டர் துரை எப்பவும் இப்படித்தாங்க எழுதுவாரு. எத்தனயோ தடவ சரி பண்ணிக் குடுத்திருக்கேன். எங்க தோட்டத்துல ஒரு புள்ளகூடச் சாகலைங்க!"

சின்னத்தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எப்பவுமோ?"

"ஆமாங்க."

"அவருக்கு அது தெரியுமோ?"

"தெரியாதுங்க. தெரியாமத்தானே பண்ணுவேன்."

"அப்ப தான் எழுதிறது சரியெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார்." பிறகு கேட்டார்: "அந்த டாக்குத்தர் உங்கடை தோட்டத்தை மட்டுமோ பாக்கிறவர்?"

"இல்லைங்க, ரயிலடித் தோட்டமெல்லாம்…" என்று ஆரம்பித்த ஐயாசாமி நிறுத்திக்கொண்டான்.

"அங்கை நீர் திருத்தினீர். மற்றத் தோட்டங்களிலை ஆர் திருத்தினது?"

ஐயாசாமி ஊர்களை வரிசையாக நினைத்துப் பார்த்தான். பெக்கோக், பாலோ, குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங். டாக்டர் துரை எந்தெந்த ஊருக்குப் போவார் என்பது அவனுக்கு மனப்பாடம். அக்காவின் தோட்டத்துக்கும் அவர்தான் போவார் என்பது தெரியாத சங்கதி இல்லை. அந்தத் தோட்டத்து டிரஸ்ஸர், துரை எழுதியதை எழுதியபடி கலந்து கொடுக்கிற ஆள் என்பதும் தெரியும். செல்வராணியின் சாவுக்குப் போய் நின்றபோது, "பேதி" என்றார்கள். அவனும் "பேதியா" என்று கேட்டுவிட்டுப் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். என்ன மருந்து கொடுத்தார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மருந்து கலக்குகிறவன், கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதை இப்போது யோசிக்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

"அந்த விதி டாக்குத்தரை மானம் கெடுக்கிறதுக்கில்லை" என்றார் சின்னத்தம்பி. "சரி, நீர் போம்."

மறுநாள் காலை ரயிலில் திரும்பினான். செனாய் கடந்தது, கூலாய் கடந்தது. லாயாங் லாயாங் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டான். ரயிலுக்கு அதெல்லாம் தெரியுமா, சொன்ன நேரத்துக்கு வந்து நின்றது.

பேச்சியம்மாள் சொன்னபடி நின்றிருந்தாள். கையில் வாழையிலையில் மடித்துத் துணியில் கட்டிய பொட்டலம். தம்பியின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"போவுது விடுடா" என்றாள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு. "மொகத்த அப்படி வச்சிக்காத. கேசரி கிண்டியாந்திருக்கேன், புள்ளைங்களுக்குக் குடு. நம்ம டாக்டர் துரைகிட்டச் சொன்னா எதாச்சும் வேல போட்டுக் குடுக்க மாட்டாரா? நல்ல மனுஷன். பாப்பா செத்தப்ப வாசல்ல வந்து தொப்பியக் கழட்டிக்கிட்டு நின்னாரே, எந்தத் துரை அப்படி நிப்பான்?"

ஐயாசாமி பொட்டலத்தைப் பார்த்தான். தலையாட்டினால் போதும். பொட்டலத்தை வாங்கிக்கொண்டால் போதும். ரயில் நகர்ந்துவிடும், எல்லாம் மூடிக்கொள்ளும். அவனுக்குத்தான் அது கைவந்த வித்தையாயிற்றே.

"அக்கா, மருந்து குடிச்சப்பறம் பாப்பா அழுதிச்சா?"

"ஏண்டா இப்பக் கேக்குற?" என்றாள். பிறகு, "இல்ல. மருந்து உள்ள போனதும் நல்லாத் தூங்கிரிச்சு. அப்பாடா, வலி நின்னுபோச்சுன்னு நானும் பக்கத்துல படுத்தேன். எழுப்பினா எழுந்திரிக்கல" என்றாள்.

ஊதல் ஊதியது. ஐயாசாமி பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டான். பெக்கோக் போகிற ரயில் அவனை விட்டுவிட்டுப் போயிற்று. அக்காவைப் பிளாட்பாரத்துப் பலகையில் உட்காரவைத்து, எதிரில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னான். டாக்டர் துரை எழுதுகிற அளவைச் சொன்னான். தான் தண்ணீர் ஊற்றியதைச் சொன்னான். வீரமுத்துவைச் சொன்னான். சீசாவை மோந்து பார்த்த மனுஷர் என்ன கேட்டார் என்பதையும் சொன்னான்.

பேச்சியம்மாள் அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"பாப்பா சாவறதுக்கு முந்தியே ஒனக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் வாயத் தொறக்கல."

"வேல போயிருமேன்னு பயந்துட்டேங்க்கா."

அவள் தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள்போலக் கேட்டாள்:

"இப்ப வேல இருக்கா?"

பேச்சியம்மாள் மடியில் இருந்த பொட்டலத்தின் முடிச்சை இறுக்கிப் போட்டாள். எழுந்து தண்டவாளத்தைத் தாண்டி, பால்மரங்களுக்கு நடுவே போகிற பாதையில் தோட்டத்தைப் பார்த்து நடந்தாள். "அக்கா" என்று கூப்பிட்டான். பொட்டலத்தை அவள் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.